ஒழுகும் பள்ளிக்காக நான் பேசிய கன்னடம்

ஆபீசில் யாராவது என் கன்னடத்தைப் பாராட்டினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். தமிழ்ப் பெண் இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறாளே என்பார்கள். சொல்லிக்கொடுத்தது எங்கள் மிஸ். அந்தக் கன்னடத்தை வைத்துத்தான் மிஸ்ஸின் பள்ளிக்கூடத்தை நான் இழுத்து மூடினேன்.

நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் அரசுத் தமிழ்ப் பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு அறை, ஒரே மிஸ். மழை வந்தால் ஷீட்டுக் கூரை ஒழுகும். மதியச் சாம்பார் அண்டா காலியானதும் கழுவி ஒழுகும் இடத்தில் வைப்போம். அதைச் சுற்றி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வோம். சாக்பீஸ் மிஸ் காசு. என் நோட்டுப் புத்தகமும் மிஸ் காசுதான். "வெளிய போனா இந்த ஊரு உன்கிட்ட கன்னடத்துலதான்டி பேசும்" என்று, பள்ளி விட்ட பிறகும் தினம் அரை மணி நேரம் என்னை உட்காரவைத்துப் பேசவைப்பார். அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை.

கூரைக்காக மிஸ் மேலே எழுதிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்குக் கூரை, இன்னும் குறைந்தால் மூடிவிடுவோம் என்று பதில் வந்தது. பிள்ளைகள் போனதே கூரை ஒழுகியதால்தான். நாலு ஷீட்டு மாற்றியிருந்தால் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அஞ்சாம் வகுப்பு, நான்தான் லீடர்.

ஒரு நாள் மிஸ், நாளைக்கு ஆபீசர் வருகிறார், வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் தலை சீவிக் கூட்டி வாருங்கள் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பொய் சொன்னால் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர் எப்படி எங்களைப் பொய் சொல்லச் சொல்வார்?

அங்கன்வாடிக்குப் போகும் என் தம்பியை என் பழைய யூனிஃபார்ம் சட்டையில் நுழைத்துக் கூட்டிப்போனேன். சட்டை முழங்காலைத் தொட்டது. "ஏய் லீடரு, உன் தம்பி மூக்கைத் தொடைடி, ஆபீசர் ஓடிருவாரு" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். அவள் தங்கை மட்டும் நிஜமாகவே ரெண்டாம் வகுப்பு. அன்றைக்கு அறை நிறைந்திருந்தது. மிஸ் ரிஜிஸ்டரை மேஜையில் திறந்து வைத்திருந்தார்.

ஆபீசர் நனைந்த ஹெல்மெட்டோடு வந்தார். மிஸ் பழக்கியிருந்தபடி நான் எழுந்து, "நம்ம ஷாலெ சோருத்திதெ, சார்" என்று ஆரம்பித்து, பள்ளி ஒழுகும் கதையை மூச்சு விடாமல் கன்னடத்தில் ஒப்பித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தினமும் எத்தனை பிள்ளைகள் வருவீர்கள் என்று கேட்டார். அது மிஸ் பழக்காத கேள்வி. நானே சொந்தமாக வாக்கியம் அமைத்தேன். தினமும் பதினோரு பேர் சார், மீதிப் பேர் இன்றைக்கு மட்டும், இதோ இவன் என் தம்பி. தம்பியை முன்னால் தள்ளி வேறு காட்டினேன்.

ஆபீசர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் அண்டாவைப் பார்த்தார். "ஹுடுகி சென்னாகி மாத்தாடுத்தாளே" என்றார் அவர், பொண்ணு நன்றாகப் பேசுகிறாளே என்று. பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அடுத்த ஜூனில் கேட்டில் பூட்டு. நான் அஞ்சாவது முடித்துத் தப்பிவிட்டேன். மிச்சம் இருந்தவர்களை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தார்கள். ரோடு தாண்டிவிட ஆளில்லாமல் என் பக்கத்தில் இருந்தவளின் அந்த ரெண்டாம் வகுப்புத் தங்கை வீட்டிலேயே நின்று அம்மாவோடு ஊதுவத்தி உருட்ட உட்கார்ந்தாள். இன்னும் உருட்டுகிறாள். மிஸ்ஸை ஊரின் இன்னொரு கோடிக்கு, பீன்யா பக்கம் மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்க்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

ஆபீசர் வந்துபோன அன்று சாயங்காலம் மிஸ் குட்டிப் பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராகக் கையைப் பிடித்து வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டார். நான் தம்பியோடு முன்னால் நடந்தேன். கூரைக்கு எப்போது ஆள் வருவார்கள் என்று கேட்டேன்.

"ஒரு தப்புகூட இல்லடி உன் கன்னடத்துல" என்றார்.

அது போதாதா எனக்கு? தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். எங்கள் ஸ்கூலுக்குப் புதுக் கூரை வரப்போகிறது, ஆபீசர் நான் சொன்னதை அப்படியே அரைப் பக்கம் எழுதிக்கொண்டார், என் கண்ணால் பார்த்தேன் என்று.