மகள் ரூமில் புது வாசனை

பெயின்ட் செக்‌ஷனில் எவனாவது மாஸ்க் போடாமல் நின்றால் கத்துவதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி, நான் அங்கே சூப்பர்வைசர். கத்துவதில் எனக்கு நல்ல பெயர். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், "குழந்தை பொறந்து வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதம்மா" என்று அவளை ஆபீஸ் பக்கம் மாற்றி உட்கார வைத்ததும் நான்தான். அப்பேர்ப்பட்ட அறிவாளியின் வீடு திருவேற்காட்டில் இருக்கிறது.

மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு வேப்பம்பட்டில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கூட்டி வந்து பழைய ரூமிலா படுக்க வைப்பது? சுவருக்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்தோம். ஒரு பக்கச் சுவர் முழுக்க, தரையிலிருந்து சீலிங் வரை பிளைவுட்டில் புது அலமாரி. குழந்தைத் துணிக்குத் தனித்தட்டு. புது ஏசி. கூவம் கூப்பிடு தூரத்தில் ஓடுவதால் எங்கள் தெருக் கொசுவுக்கு உடம்பு நல்ல தேக்கு. அதனால் ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இடுக்குகளையும் அடைத்துவிட்டேன். காற்றுகூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே வரும் என்று பெருமை வேறு.

பலகை வாங்கப் போனால் எங்கள் பக்கத்தில் இரண்டே கேள்விதான் கேட்போம். தண்ணி பட்டா உப்புமா? கரையான் அரிக்குமா? வீட்டுக்குள் வெள்ளம் வந்து பார்த்தவர்கள் நாங்கள். கரையானோடு குடித்தனம் நடத்தியவர்கள். கடைக்காரர் இரண்டுக்கும் சத்தியம் செய்தார். அந்தப் பலகையிலிருந்து என்ன வரும், அதை யார் மூச்சில் இழுக்கப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கத்துகிற வாய்தான், ஆனால் டூட்டி நேரத்தில் மட்டும்.

வேலை இழுத்துக்கொண்டே போய், வளைகாப்புக்கு முந்தின நாள்தான் முடிந்தது. ஏசி சரியாகக் குளிர்கிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தொண்டை அடைத்தது. மகள் சின்னப் பிள்ளையாக இந்த ரூமில் ஓடியது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, நமக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மனைவி கதவைத் திறந்தாள்.

"இன்னாங்க இது? நாளைக்கு வரப் போற பொண்ணுக்கு இன்னிக்கே அழுவுறீங்க? கட்டிக் குடுத்தப்ப கூட அழல. பந்தியில எல வாழயா இல்லையான்னு சண்ட போட்டுகினு இருந்தீங்க."

"பாசம்டி."

"பாசமா? எனக்கும்தான் எரியுது. கதவ நல்லா தொறந்து வைங்க."

அவள் கதவை விரியத் திறந்ததும் என் பாசம் குறைந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. இந்த எரிச்சல் எனக்குத் தெரிந்த எரிச்சல். எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோன நாளில் பெயின்ட் செக்‌ஷனுக்குள் போனால் கண்ணில் ஏறுமே, கிட்டத்தட்ட அது. அலமாரிக் கதவைத் திறந்து குழந்தைத் துணித் தட்டுக்குள் தலையை விட்டேன். மூக்கில் ஊசி குத்தியது போல இருந்தது. வெளிப்பக்கம் பளபளவென்று மைக்கா ஒட்டியிருந்தார்கள். உள்பக்கம், முதுகுப் பக்கம், அறுத்த ஓரமெல்லாம் எதுவும் ஒட்டாத பச்சைப் பலகை. பேக்கிங் பெண்ணை எந்த இடத்தை விட்டு விரட்டினேனோ, அந்த இடத்தை ஆள் வைத்து என் வீட்டுக்குள் கட்டி, ஏசியும் மாட்டியிருக்கிறேன்.

போனை எடுத்துத் தேடினேன். பலகையை ஒட்டுகிற பசையிலிருந்து ஒரு வாயு கசிந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில்கூட வரும், வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் அதிகமாக வரும் என்று படித்தேன். மேற்கொண்டு படித்ததையெல்லாம் எழுத மாட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எதிர் வீட்டு நண்பன் வந்தான். மாநகராட்சி லாரி ஓட்டுகிறவன், எதற்கும் அசராதவன்.

"இன்னா மச்சான், பேய் அறஞ்ச மாரி கீற?"

"உள்ள போய் மோந்து பாரு."

போனான். வந்தான். "சோக்கா கீது மாமே. புது வண்டி மாரி வாசன. இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? வெங்காயத்த வெட்டி வை, வாசன எல்லாத்தயும் இஸ்துக்கும்."

வைத்தேன். அடுப்புக்கரி வை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வைத்தேன். மனைவி சாம்பிராணி போட்டாள். சாயந்திரம் அந்த ரூமில் வெங்காயம், கரி, சாம்பிராணி எல்லாம் மணந்தன. அத்தனைக்கும் அடியில் அந்த ஊசியும் அப்படியே இருந்தது.

ஒரே வழிதான் தோன்றியது. சம்பந்தியம்மாவுக்கு, அதாவது மகளின் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, ஒண்ணுமில்ல... பொண்ணு இன்னும் கொஞ்ச நாளு அங்கயே இருந்தா இன்னா?"

சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "ஏன் சம்பந்தி? ஊட்ல எதுனா கஷ்டமா?"

"கஷ்டமெல்லாம் இல்ல."

"வளகாப்பு பண்ணிட்டு பொண்ண இங்கயே உட்டுட்டுப் போனா ஊரு இன்னா பேசும்? பெத்தவங்களே வச்சிக்க மாட்டேன்னுட்டாங்கன்னு பேசாது? அந்தப் புள்ள மனசு இன்னாத்துக்கு ஆவும்?"

அலமாரி நாறுகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதே அலமாரியைப் பத்து போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்பி, 'எங்க பொண்ணுக்கு ஸ்பெஷல்' என்று எழுதியவன் நான். "சும்மா தமாசுக்குக் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னை எல்லோருக்கும் தமாசுக்காரன் என்று தெரியும். அன்றைக்கு அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் வளைகாப்பு நன்றாக நடந்தது என்று சொல்கிறார்கள். எனக்கு வளையல் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. சாயந்திரம் மகள் கை நிறையக் கண்ணாடி வளையலோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். நேராக ரூமுக்குப் போனாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"ஹால்ல உக்காரும்மா. ஹால்லதான் காத்து."

"ப்பா, நவுரு. எனக்குன்னு போட்டுட்டு எனக்கே காட்ட மாட்டியா?"

என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். மஞ்சள் சுவரைத் தடவினாள். அலமாரியைத் திறந்து, குழந்தைத் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணைத் தேய்த்தாள். இருமினாள். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்தாள்.

"ப்பா, மத்தியானத்துலேர்ந்து இது அசையவே இல்லப்பா."

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மனைவி இன்றும் எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாள். அலமாரியைக் காலால் உதைத்தேனாம். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேனாம். ஓடிய பிறகுதான் மகளை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்தேனாம். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரை ஆட்டோவில் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். சேலை மடிப்பு அசைந்தால்கூட அதுவோ என்று பார்ப்பேன். வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது, என் கையால் காட்டி, என் வாயால் ஒப்புக்கொண்டு வாங்கிய பலகை என் பேரப்பிள்ளையின் மூச்சை நிறுத்திவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகை வரவில்லை. மத்தியானம் அவள் அந்த ரூமுக்குள் காலே வைக்கவில்லை என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை.

நர்ஸ் துடிப்பு கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நகர்த்தினாள். பிறகு குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். நாளெல்லாம் உட்கார வைத்துப் பூ, வளையல், சத்தம் என்று மகளுக்கு அலைச்சல், சரியாகச் சாப்பிடவும் இல்லை, குழந்தை தூங்கியிருக்கும். நான் ரூமைப் பற்றிச் சொன்னேன்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா கண்ணு எரியற ரூம்ல கர்ப்பிணிப் பொண்ணப் படுக்க வெப்பாங்களா? நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

"சும்மா... ஒரு கம்பெனி" என்றேன்.

மகள் ஹாலில் படுத்தாள். அலமாரியைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் போட்டோம். கார்பென்டர் வந்து பச்சை ஓரங்களையெல்லாம் மூடித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஜன்னல் இடுக்கில் அடைத்ததையெல்லாம் பிடுங்கினேன். பலகைக் கடைக்குப் போய், வாசனை குறைவாக விடுகிற பலகை உண்டாமே என்று கேட்டேன். கடைக்காரருக்கு ஆச்சரியம். "இருக்கு சார், ஆர்டர் போட்டா வரும். ஆனா யாருமே கேட்டதில்லையே. உங்களுக்குக் கரையான்தான பிரச்சன?"

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். தொண்டை கிழியக் கத்துகிறாள், என் வாரிசு. அவள் தும்மினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்து, அவளை எழுப்பிவிட்டு மனைவியிடம் திட்டு வாங்குகிறேன். ரூம் இன்னும் காலிதான். அலமாரி போனாலும் சுவரில் ஏறிய வாசனை போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. தினம் மோந்து மோந்து என் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. பழகிய மூக்கை நம்பக் கூடாது என்று கம்பெனியில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் குழந்தை பார்க்க வருகிறவர்களையெல்லாம் முதலில் அந்த ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவேன். ஒருவர் ஒன்றுமில்லை என்பார், ஒருவர் லேசாக இருக்கிறது என்பார். எதிர் வீட்டு நண்பன் இப்போதெல்லாம் வாசலில் நின்றே, "குழந்தையத் தூக்கிகினு வந்து காட்டு மச்சான், உள்ள வந்தா மோந்து பாக்க உட்ருவ" என்கிறான்.

போன வாரம் சம்பந்தியம்மா வந்தார். அவரிடம் மட்டும் கேட்கக் கூச்சமாக இருந்தது. தயங்கித் தயங்கி முழுக் கதையையும் சொன்னேன், அந்தப் போனையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானே அங்க வச்சிகினு இருந்திருப்பேனே சம்பந்தி. நாலு பேரு பேசினா பேசிட்டுப் போறாங்க."

எழுந்து தானே ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானும் மனைவியும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவளும் கதவைப் பார்த்தாள். கடைசியில் வெளியே வந்தவர், கதவை நன்றாகத் திறந்து வைத்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஹால்லயே இருக்கட்டும் சம்பந்தி" என்றார்.