நாலு எவர்சில்வர் டம்ளரும் ஒரு வெளிநாட்டுச் சரக்கும்

பாண்டிச்சேரிக்காரன் என்றால் சரக்கைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். விழுப்புரத்திலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணுவான். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இன்னா வாங்கலாம்? பாட்டில் பெருசா தெரியணும், விலை சின்னதா இருக்கணும்." நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மூச்சு விடுவேன். பிறகு லேபிளில் குதிரையோ கோட்டையோ போட்ட ஏதாவது ஒன்றைச் சொல்வேன். இதுவரை யாரும் திரும்பி வந்து அடித்ததில்லை. நான் நிபுணன் ஆனது இப்படித்தான்.

என் நிபுணத்துவத்தை உண்மையிலேயே நம்பிய ஒரே ஆள் என் கல்லூரித் தோழன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் இவனும் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு பாரீஸ் பக்கம் போனான். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில் வேலை. ஜனவரியானால் ஊருக்கு வருவான். வரும்போது, சூப்பர் மார்க்கெட்காரனே தன் பெயரை லேபிளில் போட்டு விற்கும் பர்பன் விஸ்கி ஒன்றை ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வருவான். பர்பன் என்பது அமெரிக்காக்காரன் மக்காச்சோளத்தில் காய்ச்சுகிற விஸ்கி. கடைக்காரன் சொந்த லேபிள் என்றால் அந்த வரிசையிலேயே விலை குறைந்தது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் வருஷம் அவன் ஸ்வெட்டரைப் பிரித்துப் பாட்டிலை நீட்டினான். நான் ஒரு மடக்கு குடித்தேன். புதுசாக வார்னிஷ் அடித்த கட்டிலை நாக்கால் நக்கியதுபோல் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அமிர்தம்டா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஏழு கடல் தாண்டி ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

அதிலிருந்து எல்லா ஜனவரியிலும் அமிர்தம் வந்தது. அவன் எதிரில் ஒரு பெக், அவன் போனபின் மூடி திருகி பீரோவுக்குள். பதிலுக்கு நானும் குறை வைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் மொட்டைமாடி பாருக்கு அழைத்துப்போவேன், பெயரை உச்சரிக்கவே பயிற்சி வேண்டிய ஸ்காட்ச் வாங்கி வைப்பேன். ஒருமுறை உழவர்கரை வழியாக ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு ஒயின் ஷாப்பைப் பார்த்துப் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான்.

"டேய், காலேஜ்ல அடிப்போமே, நம்ம பழைய குவாட்டர், இன்னும் விக்கிறானா? ஒண்ணு வாங்கேன்."

"சேச்சே, உனக்கா? அந்தக் குப்பைய இப்ப பெயின்ட்ல கலக்கக்கூட வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

போன முறை அவன் வருவதற்கு முன்னால் போனில் ஒரு வார்த்தை போட்டான். "ஊர் வீட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன்டா. பூட்டி வெச்சு கரையானுக்குச் சோறு போட்டுட்டிருக்கேன்."

அவன் அப்பா அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்களும் அங்கேயே போய்விட்டார்கள். அந்த வீடும் போனால் இந்த ஊருக்கு வர அவனுக்கு இருக்கிற ஒரே காரணம் நான். நான் ஒரு காரணமாகத் தாங்குவேனா என்று கண்ணாடி முன் நின்று பார்த்தேன். தொப்பை தாங்கும் என்றது. மற்றதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரே வழி உபசாரம். இந்த முறை செய்கிற செய்கையில் அவன் வீட்டை விற்கிற யோசனையே விட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். போனில் அவனிடம், "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுல பர்பன் பரீட்சை. பேர் தெரியாம ஊத்தி, எது ஒஸ்தின்னு சொல்லணும்" என்று அறிவித்தேன். நாலு சரக்கு. அவன் கொண்டுவருவது ஒன்று. டூரிஸ்டுகள் வாங்கும் கடையில் கிடைத்த, விலை கொஞ்சம் தாங்கக்கூடிய அமெரிக்க பர்பன் ஒன்று. நம் ஊர்க் கம்பெனி பர்பன் என்று லேபிள் ஒட்டி விற்பது ஒன்று. நாலாவது, ஒப்புக்கு ஒன்று வேண்டுமே என்று, அந்தப் பழைய குவாட்டர். அது பக்கத்தில் நின்றால் மற்றதெல்லாம் மகாராஜாவாகத் தெரியும் என்பது கணக்கு. அவனுடைய சரக்கைத்தான் நான் முதல் என்று சொல்லப்போகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் உன் சரக்கை என் நாக்கு கண்டுபிடிக்கும்டா என்றால் எவன்தான் உருக மாட்டான்?

இதில் ஒரு சின்னச் சிக்கல். என் நாக்கு எதையும் கண்டுபிடிக்காது.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கேரமல், வெனிலா, கருகிய ஓக் மரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். நானும் மூக்கை விட்டேன். விஸ்கி வாசனைதான் வந்தது. ஆனால் வார்னிஷ் வாசனை எனக்கு நினைவிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு தும்மல் வந்தது. ஒன்றுதான். ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துவிட்டால் நட்பே போயிற்று என்று நடுங்கி, மூக்குக்கு உள்ளேயும் வெளியேயும் தைலத்தை அப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்து இன்னொரு முறை அப்பினேன். பத்து மணிக்கு மனைவி வறுத்த நெத்திலி எனக்கு யூகலிப்டஸ் வாசனை அடித்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது.

சமையலறைக்குப் போய் அவளிடம் கெஞ்சினேன். ஊற்றப்போவது அவள்தான். எவர்சில்வர் டம்ளர் ஆனதால் நிறமும் தெரியாது.

"அவன் சரக்கு எதுல இருக்குதோ அத வைக்கும்போது லேசா இருமிடு."

"எனக்கு எதுக்கு இருமல் வரணும்? தைலம் தடவினது நீங்க."

"கண்ணையாவது காட்டேன்."

"தோத்தா இன்னா ஆயிடும்? உங்கள ஊர விட்டா தள்ளி வெப்பாங்க?" என்று டம்ளர்களின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதப் போய்விட்டாள்.

அவன் வந்தான். புதுச் சட்டை, கையில் ஸ்வெட்டர் மூட்டை. தண்ணீர் கொடுத்தபோது என் மனைவியிடம் "மெர்சிம்மா" என்றான். பிரெஞ்சில் நன்றி, எப்போதும் சொல்வதுதான். ஓட்டலில் சர்வரிடமும் அப்படித்தான் சொல்வான். டீப்பாய் மேல் முந்திரி, நெத்திலி, சீஸ், அவனுக்காக வாங்கிய பேப்பர் நாப்கின் என்று பரப்பி வைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

டம்ளர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை. முதலாவதை முகர்ந்தேன், தைலம். இரண்டாவது, தைலம். மூன்றும் நான்கும் அதே தைலக் கம்பெனி. "ம்... கேரமல்" என்றேன் பொதுவாக, எல்லா டம்ளருக்கும் பொருந்துகிற மாதிரி. அவன் ஒவ்வொன்றாகக் குடித்தான். மூன்றாவதில் கொஞ்சம் நின்றான். மறுபடி எடுத்தான். முகம் இளகியது. அதைப் பார்த்துவிட்டேன். பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதியவனுக்கு இதுகூடவா தெரியாது? தன் சரக்கைக் கண்டுகொண்டான், அதுதான் அந்த முகம்.

மூன்றாவதைத் தூக்கிப் பிடித்தேன். "இதுதான்டா உன்னோடது. வெனிலா, ஓக் மரம், எல்லாம் வரிசையா வருது. இந்த ஊர்ல எந்தக் கொம்பனாலயும் இப்படி ஒண்ணு காய்ச்ச முடியாது. எனக்கு இதான் முதல்."

"எனக்கும் மூணுதான்" என்றான் அவன்.

மனைவி டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணு, அந்தக் குவாட்டர்."

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"எனக்கு முதல் மடக்குலயே தெரிஞ்சிபோச்சு. நீ ஓக் மரம்னு ஆரம்பிச்சியா, சரி எதுவரைக்கும் ஏறறான்னு பாத்துட்டிருந்தேன்."

"தைலம்டா" என்றேன் பரிதாபமாக.

"அந்த பர்பன் எனக்குப் புடிக்கவே புடிக்காதுடா. எங்க கிடங்குல வேலை செய்யறவனுக்கு விலை குறைச்சுத் தருவான். அங்க அத கேக்குல ஊத்துவாங்க. முதல் தடவ வேற ஒண்ணும் வாங்க முடியல, கொண்டாந்தேன். நீ அமிர்தம்ன. உனக்குப் புடிக்குதேன்னு வருஷா வருஷம் தூக்கிட்டு வந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இவருக்கும் புடிக்காதுண்ணா. பீரோவத் தொறந்து பாருங்க."

அவனே எழுந்துபோய்த் திறந்தான். என் வேட்டிகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு பெக் மட்டும் குறைந்து. அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு போயிருந்தது. மூன்றாவது டம்ளரைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான்.

"உழவர்கரைல கேட்டேனே, ஞாபகம் இருக்கா? ஒரு குவாட்டர் வாங்கி, பழைய மாதிரி நெத்திலி கடிச்சிட்டு உக்காரணும்னுதான் கேட்டேன். நீ சேச்சேன்னுட்ட."

"உனக்குப் போய் அதக் குடுக்கறதான்னு..."

"அதாண்டா. உன் வீட்டுக்கு வந்தா எனக்கு விருந்தாளியாட்டம் இருக்கும். புதுச் சட்ட போட்டுட்டு வருவேன். நாப்கின் வைப்ப. எப்ப எழுந்திரிக்கறது மரியாதையா இருக்கும்னு யோசிச்சிட்டே உக்காந்திருப்பேன். இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லேன்னு ஆயிப்போச்சு. வீட்டுக்கு வியாழக்கிழமையே அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். "திருப்பிக் குடுத்துடு, வீட்டுல பேய் இருக்குன்னு நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான். மனைவி நாப்கின்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சக் குவாட்டரை நாங்கள் தரையில் உட்கார்ந்து குடித்தோம். பேசினோம், ரொம்ப நேரம், நல்லாவே பேசினோம். அவன் மகளுக்கும் அவனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை என்பதை அன்றைக்குத்தான் சொன்னான். எத்தனை ஜனவரி எதிரெதிரே உட்கார்ந்து ஸ்காட்சின் வயசைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

பத்திரம் முடிந்து அவன் சென்னைக்குப் பஸ் ஏறினான். காலாப்பட்டு வரைக்கும் நானும் கூடப் போனேன். "அடுத்த வருஷம் நேரா வீட்டுக்கு வா, கட்டில் போட்டு வெக்கிறேன்" என்றேன். "பாக்கலாம்டா" என்றான். விழுப்புரத்துச் சொந்தங்களுக்கு அந்தப் பாக்கலாமை நானும் நிறையக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஜனவரியில் அவன் வரவில்லை. பொங்கலன்று போன் பண்ணினான். முட்டி வலி, டிக்கெட் விலை, அங்கே பனி. மகள் பேசுகிறாளா என்று கேட்டேன். இல்லை என்றான். ஒன்றும் எடுத்துவராதே, வெறுங்கையோடு வா, பழைய கைலி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் வாய் எப்போதும்போல் தானாக ஓடிவிட்டது.

"வரும்போது அந்த அமிர்தம் ஒண்ணு எடுத்துட்டு வாடா."

சிரிப்பான் என்றுதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"சரிடா" என்றான். "யாராவது ஊருக்கு வந்தா குடுத்தனுப்பறேன்."