பல்லைப் பார்த்தே கொலைகாரனைப் பிடிப்பவர்

அவர் செயற்கைப் பல் செய்பவர். ஊரிலுள்ள பல் டாக்டர்களில் பாதிப் பேர் அச்செடுத்து அவருடைய பட்டறைக்குத்தான் அனுப்புவார்கள். மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, நிறம் பொருந்துகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெருமையோடு நின்றிருக்கலாம். மனிதர் நிற்கவில்லை. பல்லைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

நிஜக் கொலைகாரன் இல்லை. இங்கிலாந்தில் ஐம்பது வருடங்களுக்கு முன் எடுத்த டிவி துப்பறியும் நாடகங்களை யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து உருவி இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறான். படம் சோப்புத் தண்ணீர்போல் கலங்கித் தெரியும். பெரிய பங்களா, சின்ன ஊர்ப் பாதிரியார், மழைக்கோட்டு இன்ஸ்பெக்டர், தேநீரில் விஷம். போன வாரம் கத்திக்குத்து வாங்கிச் செத்த நடிகர் இந்த வாரம் வேறு மீசை வைத்து வக்கீலாக வருவார். மீசை ஏமாற்றும், பல் ஏமாற்றாது என்பார் நம்மவர். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு நாடகம். பாதி தாண்டுவதற்குள் கொலைகாரன் யார் என்று அறிவித்துவிடுவார். இதுவரை நாற்பத்தொன்று பார்த்தாயிற்று. முதல் இரண்டு மட்டும்தான் தப்பு.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள். அவளிடம் அவருக்கு ஒரே ஒரு குறை, நடுவில் பேசுவாள்.

"இந்த டாக்டர் என்னங்க, வீட்டுக்குள்ளகூட கையுறையக் கழட்ட மாட்டேங்கிறாரு?"

"கொஞ்சம் வாய மூடிட்டுப் பாரேன். கவனம் சிதறுது."

அவள் மூடிக்கொள்வாள். ஐந்து நிமிடம் கழித்து அவர் தொடையில் தட்டுவார். "டாக்டர்தான்! அவன் கோரைப்பல்லப் பாத்தியா?"

"அட, ஆமாங்க!" என்று அவள் வாயைப் பிளப்பாள். மறுநாள் பட்டறையிலும், பல் டாக்டர்களிடமும், மச்சானிடம் ஃபோனிலும் அந்தக் கோரைப்பல்தான் பேச்சு.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒருநாள் சவால் விட்டான். "ஞாயித்துக்கிழமை வர்றேன் அத்தான். நாடகத்த நான் போடுறேன். கரெக்டாச் சொல்லிட்டீங்கன்னா உங்க கால்லயே விழுறேன்."

"தாராளமா வா" என்றார். சொன்னதோடு விடாமல் பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தும் வைத்தார். தோற்றால் திங்கட்கிழமை அங்கே தலைகாட்ட முடியாது.

வியாழக்கிழமை மதியம், பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டே ஃபோனில் நாடகப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார். அன்று மாலை பார்க்கவேண்டிய நாடகத்துக்கு அடியில், பார்த்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு முக்கால்வாசி ஓடியிருந்தது. தூக்கிவாரிப்போட்டது. வீட்டு டிவியிலும் அவர் ஃபோனிலும் ஒரே அக்கவுண்ட்தான். அரைமணி கழித்துப் பார்த்தால் கோடு முழுசாக முடிந்திருந்தது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். நம் துப்பறிவாளர் தாடையைத் தடவி ஆழமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பாவம், சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை, அவ்வளவு நாடகப் பைத்தியம். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வந்தான். தன் ஃபோனை டிவியில் இணைத்து, அவர்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு நாடகத்தை ஓடவிட்டான். பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. மனைவி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. அவர் காது ஏனோ அவள் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான், பல்லு ஒண்ணும் சொல்லலையா?"

"சமையல்காரிதான்! அந்த முன்பல்லப் பாரு."

நாலு நிமிடத்தில் சமையல்காரி மாடிப்படியில் பிணமாகக் கிடந்தாள். "அப்போ வக்கீல்" என்றார். வக்கீலை ஏரியிலிருந்து தூக்கினார்கள். பாதிரியார் என்றார். கடைசியில் இன்ஸ்பெக்டருக்குத் துணையாக நின்று கொலையாளியைப் பிடித்துக்கொடுத்ததே பாதிரியார்தான். கொலை செய்தவள் பங்களாக்காரரின் அக்கா. நாடகம் முழுக்க எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. பல் எங்கே தெரிய?

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க கை காட்டுனவங்க எல்லாம் வரிசையாச் சாகுறாங்களே அத்தான்! நல்லவேள, என்னக் காட்டல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ ஏன் இன்னைக்கு ஒண்ணுமே பேசல?"

"இத நான் முன்னாடியே பாக்கலையே."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. கழற்றாத கையுறை, நனையாத குடை, நின்றுபோன கடிகாரம். ஒவ்வொரு நாடகத்திலும் நடுவில் அதைக் கேட்டது அவள் குரல்.

"அப்போ நாப்பத்தொண்ணையும் கண்டுபிடிச்சது நீதானா?"

"முப்பத்தொம்பது. மொத ரெண்டு நீங்களாச் சொன்னது."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் குரலில் கோபமோ கேலியோ இல்லை. "அது ரெண்டும் தப்பாப் போச்சுன்னு நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க. கேட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தீங்க. மத்தியானம் ஒரு தடவ பாத்து வெச்சுட்டா வீடு நிம்மதியா இருக்குமேன்னு பாத்தேன்."

"சரி, உனக்கும் பிடிச்சுத்தான பாத்த?" ஏதாவது ஒன்று மிஞ்சட்டும் என்று கேட்டார்.

"எனக்கா? வெட்டு, குத்து, விஷம்... சுத்தமாப் பிடிக்காதுங்க."

முப்பத்தொன்பது நாடகம். பிடிக்காததை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. மச்சான் சிரித்தபோது வராத வெட்கம் இப்போது வந்தது. ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

"இனிமே உனக்குப் பிடிச்சதப் போடலாம்."

"எனக்கு என்ன பிடிக்கும்?" அவள் நிஜமாகவே ஆவலோடு கேட்டாள்.

"பழைய பாட்டு."

"அது உங்க அம்மாவுக்கு."

"சமையல் நிகழ்ச்சி."

"அது உங்களுக்கு. பாத்துட்டு என்னச் செய்யச் சொல்லுவீங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். மூன்றாவதாக எதைச் சொல்வது என்று ரிமோட்டின் பொத்தான்களில் தேடினார். மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.