டிவி கேம் பெட்டிக்கு ஒரு பூட்டு

புதிய மழைக்கோட்டை உறையிலிருந்து பிரிக்கும்போது ஒரு வாசம் வருமே, கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல, அந்த வாசம் இன்றைக்கும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடாது. மகன் பாலர் பள்ளியில் சேர்ந்தபோது மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்து பிரித்தோம். அவன் அதைப் போட்டுக்கொண்டு கட்டில்மேல் குதித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எதையோ செய்ய மறந்தவளைப்போலச் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காரணம் பிறகுதான் பிடிபட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நாங்கள் குடியிருந்த ஒன்பதாவது மாடி வீட்டுக்கு அப்பா ஒரு சனிக்கிழமை மாலை தூக்கிக்கொண்டு வந்த "டிவி கேம்" பெட்டிக்கும் அதே வாசம்தான்.

அப்பா அதைப் பயந்துபோய்த்தான் வாங்கினார். அண்ணன் சேவியர் அப்போது உயர்நிலை ஒன்று, நான் தொடக்கநிலை நான்கு. காலைப் பள்ளி முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டியவன் நான்கு, ஐந்து என்று வரத் தொடங்கியிருந்தான். கேட்டால் "பேண்ட் பிராக்டிஸ்" என்பான், பள்ளி வாத்தியக் குழுவின் பயிற்சியாம். அம்மா தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்தபடி கீழே தெரியும் பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பேருந்திலிருந்தும் இறங்கும் வெள்ளைச் சட்டைகளில் அண்ணனைத் தேடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, மேரி அத்தை அம்மாவைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைத்தொகுதியில், வீடியோ கேம் கடைக்குள், பள்ளிச் சீருடையோடு அண்ணனைப் பார்த்தாராம். "பேர் சொல்லிக் கூப்பிட்டேன் லா, அண்ணி. பிள்ளை திரும்பியே பார்க்கல," என்றார் அத்தை.

அந்தக் கடைகளில் புகையும் கெட்ட சகவாசமும் உண்டு என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட காலம் அது. ஆனால் அம்மாவை அரித்தது அதெல்லாம் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை என்பதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்த்தவர். அடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எது பழுதானாலும், கழற்றிப் பார்த்து வேறு வழியில் மின்சாரத்தைக் கொண்டுவர முடியுமா என்று யோசிக்கிறவர். வெளியே தேடிப் போகிற பொருள் வீட்டிலேயே இருந்துவிட்டால் பிள்ளை ஏன் வெளியே போகப்போகிறான் என்று கணக்குப் போட்டு, கூடுதல் நேரம் வேலை பார்த்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தார்.

கணக்கு பலித்தது. அண்ணன் இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தான். ஆனால் இப்போது வீட்டுக்குள்ளேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும், சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டான், ஆட்டக்கோலைப் பிடித்த கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அரையாண்டுத் தேர்வில் பாதிப் பாடங்களுக்குமேல் தேறாமல் "சிவப்பு மார்க்கு" வந்தது. அம்மா அடாப்டரை ஒளிக்கத் தொடங்கினார்: அரிசி டின்னுக்குள், மாதா படத்துக்குப் பின்னால், ஒருமுறை என் புத்தகப் பையின் அடியில். எங்கே வைத்தாலும் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான். கடைசியில் தேடுவதையும் விட்டுவிட்டு, ரேடியோவின் அடாப்டரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டிக்கொண்டான். "மூளை இருக்கு பாரு," என்று அப்பா வாய்க்குள் சொன்னது அம்மாவின் காதில் விழுந்து, அன்று முழுக்க இருவருக்கும் பேச்சில்லை.

அதற்குப் பிறகுதான் பூட்டு யோசனை வந்தது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், ஏதோ மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சாவிப் பூட்டு ஒன்றை அப்பா வாங்கி வந்தார். பெட்டிக்குள் மின்சாரம் போகும் கம்பியை வெட்டி நடுவில் இந்தப் பூட்டை வைத்துவிட்டால், எந்த அடாப்டரை மாட்டினாலும் சாவி இல்லாமல் ஓடாது. அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். அடியிலிருந்த ஒரு திருகாணியின்மேல் கடைக்காரர் ஒட்டியிருந்த சிறு காகிதம் கிழிந்தால், ஒரு வருட வாரண்டி போய்விடும். பக்கவாட்டில் பெரிய துளையும் போட வேண்டும். "ஓட்டை போட்டா போட்டதுதான், அப்புறம் பழசா ஆக்க முடியாது," என்றார் நாள் முழுக்க இரும்பில் துளை போடும் அப்பா. பிறகு பென்சிலை எடுத்து, பெட்டியின் வலப்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தார்.

அந்த வட்டம் வாரக்கணக்கில் வட்டமாகவே இருந்தது. காலையில் பூட்டு வேண்டும் என்ற அம்மா சாயங்காலம் வேண்டாம் என்பார். பூட்டிவிட்டால் பிள்ளை மறுபடி அந்தக் கடைக்கே போய்விடுவானே என்பார். பூட்டாமல் விட்டால் இப்படியே உட்கார்ந்து வீணாய்ப் போவானே என்பார். பெற்ற பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே பூட்டா என்று கோயிலில் சிரிப்பார்களோ என்பதும், அப்பா கை வைத்து ஏதாவது "ஷார்ட்" ஆகித் தொலைக்காட்சியும் சேர்ந்து போய்விடுமோ என்பதும் இடையிடையே வரும். அப்பா கருவிகளை மேசையில் பரப்பிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, மறுபடி பையில் அள்ளிப் போடுவார். நான் ஆங்கில எழுத்துக்கூட்டல் படிப்பதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா எந்தப் பக்கம் பேசினாலும் அதுதான் சரி என்று எனக்குத் தோன்றும். அண்ணன் விளையாட உட்காரும்போது, வட்டம் தெரியாதபடி பெட்டியின் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துக்கொள்வான்.

செப்டம்பர் விடுமுறையில் ஒரு பிற்பகல். அப்பா வழக்கம்போலக் கருவிகளைப் பரப்பி, வழக்கம்போல மறுபடி அள்ளப் போனார். அண்ணன் விளையாட்டின் நடுவிலேயே எழுந்தான், தொலைக்காட்சியை அணைத்தான், கம்பிகளைப் பிடுங்கினான், பெட்டியைத் தூக்கிவந்து அப்பாவின் முன்னால் மேசையில் வைத்தான்.

"போட்டுடுங்கப்பா," என்றான். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்தணும்னுதான் நினைக்கிறேன். கை நிறுத்த மாட்டேங்குது."

அப்பா நகத்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்தார். துளை போடும்போது கறுப்பு பிளாஸ்டிக் தேங்காய்ப்பூபோலச் சுருண்டு சுருண்டு விழுந்தது, புதுப் பெட்டியின் அதே வாசம் இப்போது தீய்ந்த வாசமாகக் கூடம் முழுக்க நிறைந்தது. அம்மா சாவிக்கு ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தார். தாலிச் சங்கிலியில், சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கும் ஊக்கில் கோத்துக்கொள்வதாக எண்ணம். வேலை முடிந்து, சாவியைத் திருப்பினால் படம் வருகிறது, மறுபடி திருப்பினால் போகிறது என்று அப்பா காட்டியதும், அம்மா கையை நீட்டினார்.

"அம்மாகிட்ட வேணாம்பா," என்றான் அண்ணன். "நான் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தொங்கப்போட்டா குடுத்துடுவாங்க. ரீத்தாகிட்ட குடுங்க. அவ ஒண்ணு சொன்னா மாத்த மாட்டா."

அப்பா சிரித்துவிட்டார். நீட்டிய கையை அப்படியே வைத்திருந்த அம்மாவும் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவி என் உள்ளங்கையில் விழுந்த நொடியிலிருந்து, அது விழுந்து தொலையக்கூடிய சாக்கடைகளையும், என் சீருடைப் பையின் தையல் பிரிந்த மூலையையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் என்று முடிவானது. நேரம் ஆனதும் நான் அருகில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். அண்ணன் சாவியைக் கழற்றி, சில நாள் உடனே என் கையில் வைப்பான். சில நாள் தன் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்ப்பான். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்துவிடும்.

ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்திய வாரம், பாடம் எதையும் தொடாமலே அண்ணன் வந்து சாவியைக் கேட்டான். பத்து நிமிடம் போதும் என்றான். நான் முடியாது என்றேன். இன்னொரு முறை கேட்டான், குரலை உயர்த்தாமல், கெஞ்சுவதுபோல. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, இரும்புக் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போய்விட்டான்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினார். கீழே பேருந்து ஒன்று வந்து நின்றது, அண்ணன் ஏறினானா என்று மரக்கிளை மறைத்துவிட்டது, பேருந்து போய்விட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. "குடுத்திருக்கலாமோ," என்றார் தனக்குள். கொஞ்சம் கழித்து, "குடுக்காததுதான் சரி," என்றார். அதற்கும் கொஞ்சம் கழித்து மறுபடி முதலாவதைச் சொன்னார். இத்தனை நாளும் அப்பாவும் அம்மாவும் எதற்குப் பயந்தார்களோ அது என்னால் நடந்துவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கீழே ஓடிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிடலாமா, கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று நின்ற இடத்திலேயே தவித்தேன். சாவியின் பற்கள் பதிந்து உள்ளங்கை சிவந்துவிட்டது.

மின்தூக்கி திறந்து அண்ணன் வெளியே வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சட்டை முழுக்க வியர்வை, முழங்காலில் புழுதி. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடினானாம். அம்மா அவன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அண்ணன் நின்றபடியே தண்ணீர் குடித்தான். என்னைக் கடந்து போகும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நாளைக்கும் கேப்பேன். குடுக்காதே."

அந்தத் தேர்வில் ஒரு பாடத்தில் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. இரண்டு வருடம் போவதற்குள் அவனுக்கு அந்த விளையாட்டு அலுத்தும்விட்டது. ஜாலான் புசார்க் கடைத்தொகுதியில் இப்போது வீடியோ கேம் கடை இல்லை. அப்பா வேலை பார்த்த துறைமுகப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிகளும் இல்லை. தாழ்வாரத்தில் நின்று பேருந்து பார்க்கும் அம்மாக்களையும் காணோம், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கைத்தொலைபேசி சொல்லிவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் சிறிய வீட்டுக்கு மாறியபோது அந்தப் பெட்டி பாசிர் ரிஸ்ஸில் என் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றைய தொலைக்காட்சி எதிலும் அதை மாட்ட முடியாது. பூட்டு மட்டும் இன்னும் திரும்புகிறது.

மகனுக்கு ஆறு வயது முடியப்போகிறது. புதுப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்கிறார் கணவர். அதில் துளை எல்லாம் போட வேண்டாம், ரகசிய எண்ணை அழுத்தியே பூட்டலாம், வேண்டாம் என்றால் உடனே எடுத்தும் விடலாமாம். உடனே எடுத்துவிடலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன், போன வாரம் பணி முடிந்து வந்தபோது அவனிடம் கேட்டேன், பூட்டு வைப்பதா வேண்டாமா என்று. "அவன்கிட்டயே கேளேன்," என்று சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினான். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறேன். பதின்மூன்று வயதில் அண்ணனுக்குத் தெரிந்திருந்ததே என்றும் நினைக்கிறேன். இன்னும் வாங்கவில்லை.

இப்போதைக்கு மகன் பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இல்லாத திரையைப் பார்த்து வாயாலேயே சத்தம் எழுப்பி விளையாடுகிறான். ஆட்டம் முடிந்ததும் சாவியைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிடுகிறான். அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும், அவன் எழுந்து வருவதற்கு முன்பே என் கை நீண்டுவிடுகிறது.