ஆறு வற்றும்வரை

வெள்ளாற்றின் வடகரையில், எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு கோட்டை இருக்கிறது. கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் எதையோ எதிர்பார்த்து வந்து ஏமாந்துபோவார்கள். செம்புராங்கல் சுவர் கொஞ்சம், பாதி சரிந்த கொத்தளம் ஒன்று, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு ராஜா. தோணித்துறை வழியாக எதிரி வந்துவிடக் கூடாது என்று கட்டியது. கட்டியது எந்த ராஜா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் வீடு கட்டக் கல் எடுத்துப்போனது அந்தச் சுவரிலிருந்துதான்.

துறையைக் காவல் காத்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள். ராஜாக்கள் போன பிறகும் காவலில் ஒரு மிச்சம் எங்களிடம் இருந்தது. ஐப்பசியில் ஆறு பெருகி, அந்த வருஷத்தின் முதல் தோணி தென்கரையிலிருந்து புறப்படும்போது, எங்கள் வீட்டில் பிறந்த ஒருவர் கொத்தளத்தில் ஏறி நான்கு கேள்வி கேட்க வேண்டும். யாரு, எந்த ஊரு, என்ன சோலி, எப்பத் திரும்புவீங்க. நான்குக்கும் பதில் வந்த பிறகுதான் தோணிக்காரர் கயிற்றை அவிழ்ப்பார். பெரும்பாலும் அது வேடிக்கைதான். "மாமியா வீட்டுல கறிச்சோறு திங்க வாரேன், அவுக வெரட்டுனதும் போயிருவேன்" என்று யாராவது கத்துவார்கள். இரண்டு கரையும் சிரிக்கும். ஆனால் நான்காவது பதிலை மட்டும் யாரும் மீறியதில்லை. கோட்டைக்குக் கொடுத்த சொல் என்று அதற்குப் பேர்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருஷம், அந்த நாளில் அப்பா உரம் வாங்க அறந்தாங்கி போயிருந்தார். அம்மா வாழ வந்தவர், அவர் கேட்கக் கூடாது. மிச்சம் நான்தான். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. வந்திருந்தும் பல நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அம்மா என்னைக் கொத்தளத்தில் ஏற்றிவிட்டு, "நல்லாக் கத்துடி, அங்கிட்டு கேக்க வேணாமா?" என்றார்.

அக்கரையில் துணிமூட்டையோடு நின்றது என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தென்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"யாரு?"

"நாந்தான்டி, ஒங்க அத்தை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. எந்த ஊரு என்றேன், சொன்னார். என்ன சோலி என்றேன், அண்ணனைப் பாக்க என்றார். எப்பத் திரும்புவீங்க என்றதற்குப் பதில் இல்லை. காதில் விழவில்லை என்று நினைத்தேன். என் குரல் ஆற்றைத் தாண்டிப் போகிற சந்தோஷத்தில் மூன்று தடவை கேட்டேன். அத்தைக்குப் பின்னால் அவர் புருஷன், என் மாமாவின் ஆட்கள் கைகட்டி நின்றிருந்தார்கள். தோணிக்காரர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஆறு வத்துனதும் போயிருவேன்" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்த அத்தையின் கையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. தோணி இடித்துவிட்டது என்றார். சாயங்காலம் வந்த அப்பா அந்தக் கையைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டார்.

நான் காவல் வேலையை விடவில்லை. தினமும் காலையில் துறைக்குப் போவேன். தண்ணீர் இறங்க இறங்க எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு ஓடிவருவேன்.

"அத்தை, இன்னைக்கு ஆறு படி!"

"ஒனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தை கடைசியில் ஒருநாள் வெறும் மணல்தான் இருந்தது. குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டு, வாசலிலிருந்தே "ஆறு வத்திருச்சு!" என்று கத்தினேன். அடுத்த வீடுகளுக்கெல்லாம் கேட்டது. மத்தியானத்துக்குள் தென்கரைக்கும் கேட்டுவிட்டது. மறுநாள் காலையில் அழைத்துப்போக வருகிறோம் என்று மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. சொல்லைக் காப்பாத்துங்கப்பா என்று ஊர்ப் பெரியவர்களும் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலையில் நான் எழுந்தபோது அப்பா கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் மணல். வாய்க்கால் வெட்டப் போனேன் என்றார். தை மாதக் கடைசியில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

அத்தையை நடுவில் விட்டு எல்லோரும் ஆற்றில் இறங்கினோம். எதிரே மாமா நாலைந்து பேரோடு வந்தார். நடு ஆற்றில் அண்டா வாய் அகலத்துக்கு ஒரு குழி. அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அத்தை நின்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மூட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

"அண்ணே, இன்னும் தண்ணி இருக்கே."

"என்ன மச்சான் இது? தோண்டின ஊத்து!" என்று கத்தினார் மாமா.

"ஊத்தா இருந்தா என்னங்க மாப்பிள்ளை, ஆத்துக்குள்ளதான இருக்கு? கோட்டைக்குக் குடுத்த சொல்லு. நான் மீற முடியாதுல்ல?" என்றார் அப்பா.

மாமாவோடு வந்த வயதானவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "தெனமும் பாக்குறது நீதானாமே பாப்பா. நேத்து இங்க தண்ணி இருந்துச்சா? நீ சொல்றதுதான் முடிவு."

இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில்தான் உட்கார்ந்து விளையாடியிருந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு ஊரும் என்னைப் பார்த்தது. குரல் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். என் கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்து அவரே, "பச்சப்புள்ளைய விடுங்கப்பா. வத்தட்டும், அப்பறம் பாப்போம்" என்றார்.

பிறகும் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் ஊத்தில் தண்ணீர் இருந்தது. அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது, தோணியும் இல்லை, கேள்வியும் இல்லை. அத்தை எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டார். நான் விடுவித்துக்கொண்டு ஓடினேன். காவல்காரி உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்று எனக்கு ஒரே அழுகை. ரொம்ப நாள் அந்தக் கொத்தளத்தில் ஏறவேயில்லை. கோட்டைக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.