இருளேந்திரன் இந்த வருஷம் வரமாட்டான்

நாகமுத்துவைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை முதன்முதலாக எழுந்து ஓடியது 1964-ஆம் வருஷம், ஆயுத பூஜை சாயங்காலம். முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள், அவன் மேடைக்கு வந்து "இன்றோடு உங்கள் சூரியன் அணைந்தது!" என்று முழங்கியதும் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிட்டாள். சடையப்பன் மேஸ்திரிதான் பின்னாலேயே போய், "அது நம்ம கிரேன் நாகமுத்தும்மா, பயப்படாத" என்று சமாதானம் சொல்லி அழைத்து வந்தார். அந்த நினைப்பிலேயே நாகமுத்து ஒரு மாதம் மிதந்தான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே, இரும்புக் குழாய் வார்க்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு கிரேன் ஓட்டும் வேலை. பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் குடும்பத்தில் பிறந்தவன். தோணியிலிருந்து தோணிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. முப்பது அடி உயரத்தில், கிரேன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு "தள்ளு!" என்று அவன் ஒரு குரல் கொடுத்தால், உலை இரைச்சலையும் மீறி அது கீழே வந்து இறங்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆட்கள் ஒதுங்குவார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஸ்டோர்ஸ் கிளார்க் பூவராகவன் அவனை நாடகத்துக்கு இழுத்தார்.

மற்ற கம்பெனிகளில் ஆயுத பூஜைக்குப் புராண நாடகமும் சமூக நாடகமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் பத்திரிகைகளில் ராக்கெட் செய்தி வந்தால் கத்தரித்து ஒட்டி வைக்கிற ஆள். அவர் எழுதியது விண்வெளி நாடகம். பெயர் 'விண்ணோடம்'. உடைந்த குழாய் அச்சுகளுக்கு வெள்ளிச் சாயம் அடித்தால் ஓடம் தயார். அதற்கு கேப்டன் ஆதவன்; அந்த வேஷம் ஃபிட்டர் பாக்கியராஜுக்கு. ஓடத்தில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழும் கிழவர் சொக்கு. அது சடையப்பன் மேஸ்திரி. கிரகம் கிரகமாக வெளிச்சத்தைத் திருடும் அரக்க ராஜா இருளேந்திரன்; அது நாகமுத்து. கூட்ஸ் வண்டியை மூடும் கறுப்புத் தார்ப்பாய்தான் அவனுக்கு அங்கி.

நாடகம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு பாகம் என்று ஆயிற்று. ஆரம்பாக்கம், எளாவூர் பக்கமிருந்தெல்லாம் கட்டுச்சோற்றோடு ஜனம் வந்தது. பஜாரில் நாகமுத்து நடந்தால் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கினார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். "உங்கூட வந்தா எனக்கு சீட்டுக்குக் கவலையே இல்ல" என்று அவன் மனைவி கோவிந்தம்மா சிரிப்பாள்.

ஆனால் முதல் பாகத்தில் இருளேந்திரன் செத்துப்போயிருந்தான். ஆதவன் ராட்சசக் கண்ணாடியைத் திருப்பி, அவன் திருடிய வெளிச்சத்தை அவன் மேலேயே அடித்துச் சாம்பலாக்கிவிட்டான். ஜனம் கேட்கிறது என்று இரண்டாம் வருஷம் பூவராகவன் அவனை எழுப்பினார்: எரிந்தது நிழல்தானாம். மூன்றாம் வருஷம் காந்தக் குழியில் விழுந்தான். நான்காம் வருஷம் அவனுடைய இரட்டைப்பிறவி வந்தது. ஐந்தில் பனிக்கட்டியில் உறைந்தவன் ஆறில் உருகி எழுந்தான். ஏழில் திருந்திவிட்டதாகச் சத்தியம் செய்து, பாதி நாடகத்தில் சிரித்துத் தன்னையே காட்டிக்கொடுத்தான். ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பத்து நிமிஷத்தில் அவனுக்குச் சாவு நிச்சயம்.

எட்டாவது பாகம் 1971-இல். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கான்டீனில் கிண்டல் தொடங்கிவிட்டது.

"இன்னா ராஜா, இந்த வாட்டி எதுல சாவப் போற? சாம்பார் அண்டாவுலயா?"

நாகமுத்து சிரித்து வைத்தான். மேடையில் சிரிக்க முடியவில்லை. "சூரியனை அணைத்துவிட்டேன்!" என்று அவன் முழங்கி முடித்த நொடியில், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அணைச்சிட்ட இல்ல? ஊட்டுக்குப் போயி தூங்கு!" கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசைக் குழந்தைகள் அவன் அங்கியைப் பிடித்து இழுத்து விளையாடின. அடுத்த வசனத்தை எப்படிப் பேசி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து முகத்து மையைத் துடைத்துக்கொண்டே கோவிந்தம்மாவைக் கேட்டான்.

"நெசத்தச் சொல்லு. நான் வரசொல உனுக்கு இன்னா தோணுது?"

"முன்னல்லாம் பயமா இருக்கும்யா. இப்போ பாவமா இருக்குது."

ஓடிப்போனவளின் செருப்பு அவனை ஒரு மாதம் மிதக்க வைத்தது என்றால், இந்த ஒரு வார்த்தை அவனை மூன்று மாதம் அரித்தது. கிரேன் கூண்டில் உட்கார்ந்து அதையே புரட்டிப் புரட்டி யோசித்தான். குரல் அப்படியேதான் இருக்கிறது. அங்கியும் அதே அங்கி. முதல் வருஷம் எதற்குப் பயந்தார்கள்? ஆதவன் ஜெயிப்பானா தோற்பானா என்று யாருக்கும் தெரியாது. இப்போது நோட்டீஸைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. எட்டு வருஷமாகச் சூரியனை அணைப்பேன், உலகத்தை விழுங்குவேன் என்று கத்துகிறான். இதுவரை ஓடத்திலிருந்து ஒரு லாந்தரைக்கூட அவன் எடுத்துக்கொண்டு போனதில்லை. எதையுமே பறிக்காதவனுக்கு எவன் பயப்படுவான்?

1972 ஜூனில் ஸ்டோர்ஸ் ஜன்னலில் போய் நின்றான்.

"பூவராகவன் சார், இந்த வருசம் இருளேந்திரன் வேணாம்."

போல்ட் எண்ணிக்கொண்டிருந்தவர் கணக்கு விட்டுப்போய் நிமிர்ந்தார். "உடம்புக்கு ஏதாவது முடியலியா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அவனத்தான் நாம ரொம்பத் தேச்சிட்டோம் சார். ரெண்டு மூணு வருசம் அவன் மறஞ்சி கெடக்கட்டும்."

"நோட்டீஸ்ல உன் படம் இல்லன்னா எவன்ப்பா வருவான்? ஆதவனப் பாக்கவா வர்றாங்க?"

"வர்றாங்க சார். பாத்துட்டு சிரிச்சிக்கினு போறாங்க."

பூவராகவனுக்குக் கோபம் வந்தது. ஷிப்ட் முடிந்து, கண் எரிய எரிய எழுதுகிறவர் அவர். வில்லன் கைவசம் இருக்கும் தைரியத்தில்தான் மற்றதையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். அவனும் இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும். "நடிக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிட்டுப் போ" என்று ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் சடையப்பன் மேஸ்திரி வந்து கெஞ்சினார், அதட்டினார். "நாடகமே நீதாண்டா!"

"அதனாலதான் சொல்றேன், மேஸ்திரி. நான் ஏறமாட்டேன்."

ஏறவில்லை. அந்த வருஷம் பனிமூட்ட கிரகத்து ராணி ஒருத்தி வில்லியாக வந்தாள். நாகமுத்து முதல் தடவையாகக் கூட்டத்தில், கோவிந்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தான். நாடகம் சுமார். பாதியிலேயே, "இருளேந்திரன் எங்கய்யா?" என்று கூச்சல் எழுந்தது. அவனைப் பார்த்துவிட்ட நாலு பேர், "தோ பாரு, குந்திக்கினு கீறான்! மேல ஏறு!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எழுந்து ஓடிப்போய் அங்கியை மாட்டிக்கொள்ளக் கால் பரபரத்தது. கோவிந்தம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குந்துய்யா. இப்பதான் உன்னத் தேடறாங்க. நல்லாத் தேடட்டும்."

மறுநாள் பூவராகவனே கிரேன் ஏணி அடியில் வந்து நின்றார். சரியாகத் தூங்காத முகம். "நீ சொன்னது எனக்கும் தெரியும் நாகமுத்து. ரெண்டு வருஷமாவே தெரியும். அவனை வுட்டா வேற இன்னா எழுதறதுன்னுதான் தெரியல."

நாகமுத்து இறங்கி வந்தான். இருவரும் வார்ப்பு மணல் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"எங்க ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரம் இருக்குதில்ல சார், அங்க அல பெருசா எழும்பினா நாங்க பயப்பட மாட்டோம். கண்ணுக்குத் தெரியுதே, ஒதுங்கிக்கலாம். தண்ணி சும்மா கெடந்தாத்தான் எங்க நைனா துடுப்ப நிறுத்திடுவாரு. அடியில இன்னா இழுக்குதுன்னு தெரியாது பாரு."

பூவராகவன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவன் வராமலேயே அவன எழுதலாங்கறியா?"

"அத நீதான் சார் சொல்லணும். எனக்கு எழுத வராது."

1973 நாடகத்தின் நடுவில் ஒரே ஒரு காட்சி. ஆதவனும் சொக்குக் கிழவரும் ஆளில்லாத கிரகம் ஒன்றில் இறங்குகிறார்கள். முள் கம்பியில் ஒரு துண்டுத் தார்ப்பாய் ஆடிக்கொண்டிருக்கிறது. சொக்கு அதைத் தொடப்போகிறார். ஆதவன் கையைத் தட்டிவிடுகிறான். பேச்சில்லை; இருவரும் ஓடத்துக்குத் திரும்புகிறார்கள். அவ்வளவுதான். கொட்டகையில் அப்படி ஓர் அமைதி விழுந்தது. பொங்கல் வரைக்கும் கான்டீனில் அதே பேச்சு. அது அவன் துணிதானா? அவன்தான் செத்துட்டானே? எத்தினி வாட்டி செத்தான், நெசமா செத்தானா? நாகமுத்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தனக்குச் சம்பந்தமில்லாததுபோல நாஷ்டா சாப்பிட்டான்.

1974-இல் விளக்கெல்லாம் காணாமல் போன ஓர் ஊர் வந்தது. யார் எடுத்தார்கள் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருளேந்திரன் என்ற பெயரை நாடகத்தில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

1975-இல் வேறு கவலை வந்தது. ஆகஸ்டில் மெட்ராஸில் டெலிவிஷன் தொடங்கிவிட்டது. மேனேஜர் வீட்டு மாடியில் ஏரியல் ஏறியது. சாயங்காலமானால் பாதி குவார்ட்டர்ஸ் அவர் வீட்டு ஜன்னலில். "இனிமே இந்தத் தார்ப்பாய எவன் பாப்பான்? பேஜாரு புடிச்ச பொழப்பு, இதோட நிறுத்திக்கலாம்" என்றார் சடையப்பன் மேஸ்திரி. பூவராகவன் எழுதி முடித்திருந்த நோட்டை அவர் கையில் கொடுத்தார். மேஸ்திரி உலைக்குப் பக்கத்தில் நின்று படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"இது இன்னாடா... என்னிய இட்டுக்கினு போயிடறானா?"

"ஆமா மேஸ்திரி" என்றார் பூவராகவன்.

"நான் திரும்பி வரமாட்டனா?"

"வரமாட்டீங்க."

பன்னிரண்டாவது வருஷமாக ஜனம் சிரித்து, கொஞ்சி வளர்த்த கிழவர் சொக்கு. மேஸ்திரி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "போடுடா" என்றார்.

ஆயுத பூஜை சாயங்காலம் ஆறு மணிக்குத் திரை விலகியது. கூட்டம் முக்கால் கொட்டகை. நோட்டீஸில் நாகமுத்துவின் பெயர் கிடையாது. ஒரு மணி நேரம் கதை ஓடியது. சொக்குக் கிழவர் எஞ்சினிடம் கொஞ்சிப் பேசி, ஜனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு பின்வரிசையில் திடீரென்று நின்றது. அப்புறம் நடுவரிசையில் நின்றது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கறுப்பு அங்கியோடு அவன் ஜனத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தான். அவசரமில்லை. அவன் கடக்கக் கடக்க ஓரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக எலக்ட்ரீஷியன் அணைத்துக்கொண்டே வந்தான். வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் தானாகவே ஒதுங்கினார்கள். நாகமுத்து மேடையேறினான். பத்து மைல் கேட்கும் குரலுக்குப் பேர் போனவன், பக்கத்து ஆளிடம் பேசுவதுபோலச் சொன்னான்:

"சொக்கு. நீ தயாரா?"

கிழவர் எஞ்சினைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். ஆதவனாக நின்ற பாக்கியராஜ் பாய்ந்து வந்தான். அவனால் ஓர் அடிக்கு மேல் நகர முடியவில்லை. இருளேந்திரன் கிழவரின் தோளில் கைபோட்டு, அங்கிக்குள் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனான். ஆதவன் வெறும் எஞ்சினுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். திரை விழுந்தது.

எவரும் கை தட்டவில்லை. கொட்டகைக்கு வெளியே இருட்டில் நின்றுகொண்டிருந்த நாகமுத்து உள்ளே காது கொடுத்துக் கேட்டான். "போச்சுடா" என்றார் அங்கிக்குள்ளிருந்து மேஸ்திரி. அப்போது முன்வரிசையில் ஒருத்தி விசும்பி அழும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் எழுந்தது பாருங்கள் ஓர் ஆரவாரம்! கூரைத் தகரம் அதிர்ந்தது. "சொக்குவ வுடுடா!" என்று ஒரு பக்கம் கத்தினார்கள், "இருளேந்திரா!" என்று இன்னொரு பக்கம் விசில் பறந்தது. சிலர் நிஜமாகவே அவனை அடிக்க வந்து, நெருங்கியதும் தயங்கி நின்று, பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மேனேஜர் வீட்டு ஜன்னலில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், என்ன சத்தம் என்று ஓடி வந்தார்கள். கோவிந்தம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

"கிட்ட வராதய்யா" என்றாள். அப்புறம் அவளே அவன் மார்பில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் கொட்டகை போதவில்லை. யார்டில் பந்தல் போட்டார்கள். 1977-இல், நாகமுத்து தானே கேட்டு வாங்கிய சாவை பூவராகவன் எழுதினார். இந்த முறை நிழல் இல்லை, இரட்டைப்பிறவி இல்லை. ஆதவன் அவனை வெல்ல ஓடத்தையே கொளுத்த வேண்டியிருந்தது. இருளேந்திரன் விழுந்தபோது, பதினான்கு வருஷமாக அவனைத் திட்டிய ஜனம் எழுந்து நின்றது. பாக்கியராஜ் வேஷத்தைக் கலைக்காமலே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தான். மாலைகள் கழுத்தை மூடின.

"மறுபடியும் எப்ப வருவ ராஜா?" என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

"வரமாட்டேன்!" நாகமுத்து கிரேன் கூண்டுக் குரலில் சொன்னான். "அவன் செத்துட்டான்!"

இந்தத் தடவை அதை அவர்கள் நம்பினார்கள். பாக்கியராஜின் தோள் மேல் அவன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.