அண்ணியின் மூக்கும் அறுபது தொட்டிகளும்

எங்கள் அண்ணிக்கு மூக்கு பெரியதல்ல. ஆனால் அண்ணன் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை செஞ்சீங்களா? டீசல் வாடை முதுகுலேர்ந்துல்ல வருது" என்று உள்ளேயிருந்து கேட்பார். அண்ணன் பணிமனை மெக்கானிக். இருபது வருடமாக அவரால் அண்ணியிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. சிகரெட்டை விட்டதே அதனால்தான்.

கல்யாணத்துக்கு முன் அண்ணி ஒரு சோப்புத் தொழிற்சாலையில் அட்டைப் பெட்டி மடித்தவர். அது மூடியபின், நான் வேலை பார்க்கும் நர்சரியில் மண் மூட்டை தூக்கச் சேர்ந்தார். மூன்றாம் வருடம் ஈரத்தரையில் மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. அப்போதுதான் முதலாளியம்மா அவரை ஜெரேனியம் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எந்தத் தொட்டியில் எந்த வகை என்று பார்த்துப் பெயர்க்குச்சி குத்துவது வேலை. அந்த நாற்காலி போனால் மறுபடி மூட்டைதான். வேறு வேலை அங்கே இல்லை.

ஜெரேனியம் என்றால் ஜன்னலில் சிவப்பாகப் பூக்கிற செடி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்களுடையது வேறு. பூ பெயருக்குத்தான் இருக்கும், வாசனையெல்லாம் இலையில். அதுவும் சும்மா நின்றால் வராது, கசக்கினால்தான் வரும். புதினா வகைக்கு இலை பெரிதாக, துண்டு போல மெத்தென்று இருக்கும், அதை யாரும் கண்டுபிடிக்கலாம். ரோஜா, எலுமிச்சை ரோஜா, கொசுவிரட்டி மூன்றுக்கும் கத்தரியால் கண்டபடி வெட்டிவிட்டது போன்ற இலை. ஆப்பிள், ஜாதிக்காய், தேங்காய் மூன்றுக்கும் கோட்டுப் பொத்தான் போல வட்ட இலை. கன்றாக இருக்கும்போது இந்த மும்மூன்றையும் கண்ணால் பிரிக்கவே முடியாது.

அண்ணி ஒரு விரலுக்கு ஒரு செடி என்று கசக்குவார். ஐந்து விரலும் ஆனதும் கையை ஈரமண்ணில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்குவார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டியல் சார். தண்ணீர் குடிப்பதைக்கூட எழுதிவைத்துக் கொண்டுதான் குடிப்பார். பார்வையில்லாதவர்கள் தங்கும் ஒரு இல்லத்திலிருந்து வாசனைத் தோட்டத்துக்காக அறுபது தொட்டி கேட்டிருந்தார்கள், புதினா நீங்கலாக ஆறு வகை, வகைக்குப் பத்து. அங்கே பாத்திகளில் விரலால் தடவிப் படிக்கிற பெயர்ப்பலகைகளை முன்பே பதித்துவிட்டார்களாம். சார் அழகாக அனுப்ப வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் அறுபது தொட்டியையும் கழுவவைத்து, பழைய குச்சிகளைப் பிடுங்கிப் போடச்சொல்லி, அச்சடித்த புதுக் குச்சிகளைக் கொண்டுவந்தார். கழுவி அடுக்கியதில் எல்லாம் கலந்துவிட்டன. அண்ணியின் விரல்கள் எண்ணெய் பட்டு வெடித்திருப்பதைப் பார்த்து ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறையும் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

"மூணு மணிக்கு வேன் கிளம்பணும். முடியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டே செய்வேன் சார்."

கையுறையை மாட்டிக்கொண்டு வட்ட இலையில் ஆரம்பித்தார். முதல் தொட்டி ஆப்பிள். இரண்டாவது தேங்காய். நான்காவதில் நின்றுவிட்டார். மறுபடி கசக்கினார். முந்தைய தொட்டிக்குப் போனார், திரும்பி வந்தார்.

"ஏய் ஊமைக்கோட்டான், இங்க வா. இது என்ன சொல்லு."

அதிகம் பேசமாட்டேன் என்று என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார். அவர் நீட்டிய விரலை முகர்ந்தேன். தேங்காய் மாதிரி இருந்தது. பிறகு ஆப்பிள் மாதிரியும் இருந்தது. விரலை இழுத்து இன்னொரு தடவை முகர்ந்தேன்.

"நாத்தனார்கிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அலுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குள் முப்பது குச்சி குத்தி, அதில் இருபதைப் பிடுங்கி, பதினைந்தை மாற்றிக் குத்தியிருந்தார். ரோஜாவில் ஜாதிக்காய் வந்தது. தேங்காயில் எலுமிச்சை வந்தது. வேன்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடமும் நீட்டினார்.

"எனக்கு எல்லாமே எங்க மாமியார் தலைக்குத் தடவுற தைலம் மாதிரி இருக்கும்மா. இதுக்கு மேல மோந்தா ஊருக்குப் போய் அவங்களைப் பாக்கணும்னு தோணிடும்."

சார் செல்போனில் செடியைப் படமெடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அது ஜெரேனியம் என்றே சொன்னது. "அது எனக்கே தெரியும்" என்று போனிடம் கோபித்துக்கொண்டு போனார்.

அண்ணி மெதுவாக, "எனக்கு மூக்கு போயிடுச்சும்மா" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக் கழற்றி, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லும்போது இடத்தை மறைத்த ஒரு தொட்டியைத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்த கை அப்படியே மூக்குக்குப் போனது.

"ஜாதிக்காய்!" என்றார் வாய் நிறைய ரொட்டியோடு. "சுத்தமா ஜாதிக்காய்!"

சந்தோஷமாக எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்ததைக் கசக்கினார். மறுபடி எல்லா வாசனையும் சேர்ந்து வந்தது. யோசித்தார். கழற்றிவிட்டு இன்னொரு துண்டு ரொட்டி தின்றார், ஒரு இலையைக் கிள்ளினார். தெளிவாகத் தேங்காய்.

"புரிஞ்சுபோச்சு. வெறும் வயித்துல மூக்கு வேலை செய்யல. வாயில ரொட்டி இருக்கணும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு கடி, ஒரு தொட்டி என்று வேலை நடந்தது. அவருடைய ரொட்டி தீர்ந்து, என்னுடையது தீர்ந்து, வேன்காரரின் பன்னையும் வாங்கினோம். "செடிக்கு உரம் போடுவாங்க, இங்க ஆளுக்கு உரம் போடணும் போல" என்று அவர் முனகிக்கொண்டே கொடுத்தார். பதினேழு தொட்டி ஆனது. அதற்குமேல் அண்ணியால் விழுங்க முடியவில்லை.

நான் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிக்கும் அவர் அதைக் கழற்றினார். கழற்றிய கையால்தான் இலையையும் கிள்ளினார். பதினெட்டாவதை ரொட்டியில்லாமல் கையுறையோடு கசக்கியபோதுதான் குழப்பம் திரும்பியது. அவர் கழற்றி மேஜையில் போட்டதை எடுத்து முகர்ந்தேன். ஆறு வகையும் அதில் குடியிருந்தன. சொல்லலாம்தான். ஆனால் சார் கொடுத்த கையுறை, அவரோ கதவருகே நிற்கிறார், எனக்கு வாய் வரவில்லை. எடுத்து மடியில் போட்டு அதன்மேல் சாக்கை மூடிக்கொண்டேன்.

"எங்கடி வச்சேன் அதை? மணி ரெண்டாகுது!" என்று தேடினார் அண்ணி. கிடைக்கவில்லை. வேறு வழியின்றி வெறுங்கையாலேயே கட்டைவிரலிலிருந்து தொடங்கினார். பத்துத் தொட்டி தாண்டியதும் நின்று, தன் கையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"நாத்தனாரே" என்றார். அவ்வளவுதான். காலையில் குத்தியதையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்றரைக்கு ஐம்பத்தொன்பது முடிந்தது. ஆப்பிள் மட்டும் ஒன்பதுதான். மிச்சமிருந்த ஒரு தொட்டியை அண்ணி மண்ணில் கை தேய்த்துத் தேய்த்து நான்கு முறை முகர்ந்தார்.

"ஆப்பிளா இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள ஜாதிக்காயும் இருக்கு. எதோட விதையோ விழுந்து முளைச்சிருக்கும். எனக்குத் தெரியல சார்."

"பாதி ஆப்பிள்தானே? ஆப்பிள்னு குத்திடுங்க, கணக்கு சரியாயிடும்."

"பாக்கிறவங்கன்னா பேரைப் படிச்சிட்டு ஆமா ஆப்பிள்னு போயிடுவாங்க. அவங்களுக்கு மூக்குதானே சார் கண்ணு? மாட்டேன்."

"காலையிலேர்ந்து இதே கூத்து. ஒண்ணு குச்சியக் குத்துங்க, இல்ல திங்கக்கிழமை மூட்டைப் பக்கம் போங்க."

அண்ணி குச்சியை மேஜையில் வைத்தார். வேன் ஐம்பத்தொன்பதோடு போயிற்று. அவர் செய்தது சரியா, வீம்பா என்று எனக்கு அன்று புரியவில்லை. வீட்டில் அண்ணனும் கேட்டார். "எனக்கே தெரியலங்க" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை அவர் நேராக மண் குவியலுக்குப் போனார். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியதும் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். சார் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நீங்க பக்கத்துலேயே இருந்து பாத்தவங்கதானே."

உட்கார்ந்தேன். ஒரு இலையைக் கசக்கினேன். ரோஜாவா, எலுமிச்சை ரோஜாவா? தெரியவில்லை. தெரியவில்லை என்று சாரிடம் போய்ச் சொல்லவும் கூச்சம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து மண் குவியலுக்குப் போனேன். அண்ணி மூட்டையை இறக்கிவைத்து, கையைத் துடைத்து, இலையைக் கிள்ளினார். "ரோஜா." திரும்பி வந்து குச்சி குத்திவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டு போனேன். "கொசுவிரட்டி." பிறகு அடுத்தது.

பதினோரு மணிவரை இப்படியே நடந்தேன். நான் பதினாலு குச்சி குத்தியிருந்தேன், அண்ணி மூன்று மூட்டைதான் நகர்த்தியிருந்தார். சார் பட்டியலோடு முற்றத்தின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தார். எதையோ எழுதினார், அடித்தார்.

"இது என்ன ஊர்வலம்?" என்றார் என்னிடம்.

நான் கையிலிருந்த தொட்டியை அவர் முன் நீட்டினேன். அவர் தயங்கி ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். முகம் என்னவோ போலானது.

"இது... தேங்காயா?"

"தெரியல சார்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கும் தெரியல" என்றார் சார். பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், அந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து மண் குவியலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"இங்கேயா உட்காரணும்?" என்று கேட்டார் அண்ணி. அவருக்குப் புரியவில்லை.

"எங்கேயாவது உட்காருங்கம்மா. மொதல்ல இது என்னன்னு சொல்லுங்க."

அண்ணி உட்கார்ந்து காலை நீட்டினார். கிள்ளி முகர்ந்தார்.

"தேங்காய்தான் சார். பரவாயில்லையே, தேறிட்டீங்க."